மாதச் சம்பளம் ரூ.25; கட்டியது வெரைட்டி ஹால்! கோவை ரோட்டுக்குப் பெயர் தந்த சாமிக்கண்ணு வின்சென்ட்

கோவை டவுன்ஹால் பக்கத்தில் ஒரு ரோடு.

மாலை 6 மணி ஆனால் போதும். ஸ்கூட்டர், ஆட்டோ, வேன், தள்ளுவண்டி என்று ரோடு திணறும். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். பேரம் பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

ரோட்டின் பெயர், வெரைட்டி ஹால் ரோடு.

விலாசம் எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். ஆட்டோக்காரரிடம் சொன்னால் உடனே புரிந்து கொள்கிறார். அந்தப் பகுதி போலீஸ் நிலையத்துக்குக் கூட இதே பெயர்தான்.

ஆனால் அந்த ஹால் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பலர் முழிப்பார்கள்.

ஹால் ஒன்று இருந்தது. அது ஒரு சினிமா தியேட்டர். 1914-ம் ஆண்டு கட்டியது. ஜமீன்தாரோ, மில் அதிபரோ, வெள்ளைக்காரத் துரையோ கட்டியதல்ல. மாதம் 25 ரூபாய் சம்பளத்துக்கு ரெயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் கட்டியது.

அவர்தான் சாமிக்கண்ணு வின்சென்ட்.

ரெயில்வே உத்தியோகம்

சாமிக்கண்ணு வின்சென்ட் கோவைக்காரர். கிறிஸ்தவக் குடும்பம். 1883-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி பிறந்தார்.

வளர்ந்ததும் திருச்சிக்குப் போனார். தென்னிந்திய ரெயில்வேயில் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 25 ரூபாய்.

அந்தக் காலத்தில் ரெயில்வே உத்தியோகம் என்றால் சும்மாவா? பெண் கொடுக்கத் தேடி வருவார்கள். மாதம் பிறந்தால் சம்பளம். கடைக்காரர் கூப்பிட்டுக் கடன் கொடுப்பார்.

அப்படியே இருந்திருந்தால் வின்சென்ட் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார். ஊரும் அவரை மறந்திருக்கும்.

1905-ம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் திருச்சிக்கு வந்தார். எல்லாம் தலைகீழாக மாறியது!

நோயில் விழுந்த பிரெஞ்சுக்காரர்

வந்தவர் பெயர் டுபாண்ட். ஊர் ஊராகப் போய் சலனப் படம் காட்டுவது அவருடைய தொழில்.

சலனப் படம் பிறந்தே அப்போது 10 ஆண்டுதான் ஆகியிருந்தது. 1895-ம் ஆண்டு டிசம்பரில் பாரிஸ் நகரில் லூமியே சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் அது பம்பாய்க்கு வந்துவிட்டது. பிறகு சென்னைக்கும் வந்தது.

பெரிய நகரங்களில் சில நூறு பேர் பார்த்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அது கேள்விப்பட்ட அதிசயம்தான்.

டுபாண்ட் அந்த அதிசயத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு சுற்றினார். திருச்சிக்கு வந்த இடத்தில் உடம்பு படுத்துவிட்டது. இனி சுற்ற முடியாது என்ற நிலைமை. மிஷினையும் படச் சுருள்களையும் விற்றுவிட்டு சொந்த நாட்டுக்குப் போய்ச் சேர நினைத்தார்.

விலை சுமார் 2 ஆயிரம் ரூபாய்.

80 மாத சம்பளம்

2 ஆயிரம் ரூபாய் என்றால் என்ன? வின்சென்டின் சம்பளத்தில் கணக்குப் போட்டால் 80 மாத சம்பளம். ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் 6 ஆண்டு 8 மாதம் ஆகும்.

மிஷின் ரிப்பேர் ஆனால் சரி செய்ய ஊரில் ஆள் கிடையாது. சுருள் அறுந்தால் வேறு சுருளுக்கு கப்பல் வர வேண்டும். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்களா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

வயதோ 22.

வின்சென்ட் பணத்தைப் புரட்டினார். மிஷினை வாங்கினார். ரெயில்வே வேலையை விட்டார்!

பெட்டியோடு கிடைத்த படங்களில் முக்கியமானது ஏசுநாதரின் வாழ்க்கைப் படம். பேச்சு கிடையாது. ஊமைப் படம். ஆனாலும் துணியில் மனிதர்கள் நடந்தார்கள். அது போதாதா? திருச்சியில் டெண்ட் அடித்துக் காட்டினார். கூட்டம் வந்தது.

தென்னாட்டவர் ஒருவர் டெண்ட் போட்டு சினிமா காட்டக் கிளம்பியது இதுதான் முதல் தடவை என்று சினிமா சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். பின்னாளில் கிராமம் கிராமமாகப் போன டூரிங் டாக்கீஸ்களுக்கு எல்லாம் அவர்தான் முன்னோடி.

பெஷாவர் வரை

திருச்சியோடு நிற்கவில்லை. மதுரை, திருநெல்வேலி என்று தெற்கே போனார். பிறகு வடக்கே திரும்பினார். பெஷாவர் வரைக்கும் போனார். கடல் தாண்டி பர்மா, மலேயா, சிங்கப்பூர் பக்கமும் டெண்ட் போனது.

டெண்ட் சினிமா நடத்துவது லேசான காரியம் அல்ல.

காலி மைதானம் பிடிக்க வேண்டும். சர்க்கார் அனுமதி வாங்க வேண்டும். கம்பம் நட்டு, துணி கட்டி, உள்ளே இருட்டாக்க வேண்டும். மிஷினுக்கு மோட்டார் கிடையாது. கைப்பிடியைப் பிடித்து ஒரே சீராகச் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் படத்தில் வருகிறவர்கள் ஓடுவார்கள். குறைந்தால் தள்ளாடுவார்கள்.

ஒரு மழை பெய்தால் அன்றைய வசூல் போச்சு. காற்று அடித்தால் டெண்டே போச்சு.

எல்லாவற்றையும் விட பெரிய பயம் நெருப்பு. அந்தக் காலத்துப் படச் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். பிடித்தால் லேசில் அணையாது. சுற்றிலும் துணி. உள்ளே நூற்றுக்கணக்கில் ஜனம். அந்தக் கவலையோடுதான் ஒவ்வொரு நாளும் ஆட்டம் தொடங்கும்.

1909-ம் ஆண்டு சென்னைக்கு வந்தார். எஸ்பிளனேடு பகுதியில் டெண்ட் போட்டார். கம்பெனிக்கு எடிசன் கிராண்ட் சினிமா மெகாபோன் என்று ஆடம்பரமாகப் பெயர். ஊமைப் படத்தோடு கிராமபோனையும் சேர்த்து ஓட்டியதால் அந்தப் பெயர். படம் காட்டுவதோடு, புரொஜெக்டர்களைத் தருவித்து மற்றவர்களுக்கு விற்கவும் செய்தார்.

கையில் நாலு காசு சேர்ந்தது.

பிளேக் அடித்த ஊர்

காசு சேர்ந்தவர் சென்னையிலேயே தங்கியிருக்கலாம். பம்பாய்க்குப் போயிருக்கலாம். வின்சென்ட் திரும்பி வந்தது கோவைக்கு.

அன்றைய கோவை எப்படி இருந்தது?

1888-ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில் இருந்தது. 1892-ல் கட்டிய டவுன்ஹால் இருந்தது. விக்டோரியா மகாராணியின் பெயரில் தூண்களோடு எழுந்த அந்தக் கட்டடம்தான் ஊருக்குப் பெருமை. பத்திரிகையாளர் எஸ்.பி.நரசிம்மலு நாயுடு முன்னின்று எழுப்பியது அது. அதைச் சுற்றி ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி, ராஜவீதி. வியாபாரம் எல்லாம் அங்கேதான்.

ஆனால் ஊரைப் பிளேக் நோய் ஆட்டிப் படைத்துக் கொண்டிருந்தது. எலி செத்து விழுந்தால் ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு காட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓடிய காலம். பிளேக் மாரியம்மனுக்குக் கோவில் கட்டிக் கும்பிட்ட ஊர் இது.

ஜனத்தொகைக் கணக்கே அதைச் சொல்கிறது. 1901-ல் கோவை நகரில் 53 ஆயிரம் பேர். 1911-ல் 47 ஆயிரம் பேர். பத்து ஆண்டில் ஊர் வளர வேண்டும். கோவையோ சுருங்கியது!

மின்சாரம் வரவில்லை. சிறுவாணித் தண்ணீரும் வரவில்லை. சாயங்காலம் ஆனால் வீதியில் எண்ணெய் விளக்குதான்.

இந்த ஊரில் பணத்தைக் கொட்டி நிரந்தர சினிமா தியேட்டர் கட்டினால் போட்ட முதல் வருமா? வியாபாரம் தெரிந்தவர்கள் கட்டாயம் யோசிப்பார்கள்.

டெண்ட் என்றால் ஓர் ஊரில் கூட்டம் வராவிட்டால் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். கட்டடத்தைச் சுருட்ட முடியாது.

வின்சென்ட் கட்டினார்.

எழுந்தது வெரைட்டி ஹால்

1914-ம் ஆண்டு வெரைட்டி ஹால் திறந்தது. அப்போது அவருக்கு வயது 31.

வெரைட்டி என்றால் பல தினுசு. ஊமைப் படக் காலத்தில் படம் மட்டும் போட்டால் ரசிகர்களுக்குப் போதாது. இடையிடையே பாட்டு, ஆட்டம், வித்தை என்று ஏதாவது வேண்டும். பெயரும் அதற்குத் தகுந்த பெயர்தான்.

சென்னையில் மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் என்று ஒன்று சற்று முன்னதாகவே வந்திருந்தது. அதை நடத்தியவர் வெள்ளைக்காரர். அந்தக் கட்டடம் பின்னாளில் தபால் இலாகா கைக்குப் போய், தபால்தலை நிலையம் ஆனது. வெரைட்டி ஹால் வந்த அதே 1914-ல் ரகுபதி வெங்கையா என்ற போட்டோகிராபர் சென்னையில் கெயிட்டி தியேட்டரைத் திறந்தார்.

ஆக, தென்னாட்டில் நம்மவர்கள் கட்டிய முதல் தியேட்டர்களின் வரிசையில் கோவைக்கும் இடம் கிடைத்தது. தலைநகரம் ஒரு பக்கம். பிளேக்கில் அடிபட்ட கோவை இன்னொரு பக்கம்!

ஊருக்குள் இது பெரிய மாறுதல். டெண்ட் வந்தால் சினிமா, போனால் இல்லை என்ற நிலைமை போய்விட்டது. இனி மழை பெய்தாலும் ஆட்டம் உண்டு. தினமும் உண்டு. மில்லில் ஷிப்டு முடித்தவரும், கடையைக் கட்டிய செட்டியாரும், சந்தைக்கு வந்த கவுண்டரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். காசுக்குத் தகுந்தபடி வகுப்பு வேறு. பார்த்த படம் ஒன்று.

டவுன்ஹாலில் பெரிய மனிதர்கள் கூடினார்கள். வெரைட்டி ஹாலில் எல்லோரும் கூடினார்கள்.

கொஞ்ச காலத்தில் தியேட்டர் இருந்த ரோட்டுக்கே வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் வந்துவிட்டது. ராஜாக்கள் பெயரிலும் கலெக்டர்கள் பெயரிலும் ரோடு இருந்த காலத்தில், சினிமாக் கொட்டகை பெயரில் ரோடு!

வெளிச்சம் வந்தது

தியேட்டருக்கு மின்சாரம் வேண்டும். ஊரில் மின்சாரம் கிடையாது. வின்சென்ட் சொந்தமாக மின்சாரம் உற்பத்தி செய்தார்.

சாயங்காலம் தியேட்டர் விளக்கு எரிந்தால் ஊரே வேடிக்கை பார்த்திருக்கும். தன் தியேட்டருக்காகத் தயாரித்த மின்சாரத்தை ரோட்டு விளக்குக்கும் கொடுத்தார் என்று கோவையில் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள்.

கையில் மின்சாரம் இருக்கும்போது இரவில் மட்டும் எதற்கு? 1916-ம் ஆண்டு மின்சாரத்தில் ஓடும் அச்சகம் தொடங்கினார். பெயர் எலெக்ட்ரிக் பிரிண்டிங் ஒர்க்ஸ். சினிமா தொழிலுக்கு நோட்டீஸ் இல்லாமல் ஒரு நாள் நகராது. அதற்கும் ஆச்சு, வெளி வேலைக்கும் ஆச்சு. அரிசி மில், மாவு மில்லும் வைத்தார்.

பகலில் அச்சும் மாவும். இரவில் படம். இப்படி ஒரே மின்சாரத்தில் பல தொழில் பார்த்தார்.

கோவைக்கு பைகாரா மின்சாரம் வந்தது 1932-க்குப் பிறகுதான். அதன் பின் மில்கள் மளமளவென்று பெருகின. கோவை தொழில் நகரம் ஆனது. ஆனால் அதற்குப் பல ஆண்டு முன்பே மின்சாரத்தை வைத்து என்ன செய்யலாம் என்று ஊருக்குக் காட்டியவர் வின்சென்ட்.

பேசும் படம்

1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி காளிதாஸ் படம் வெளிவந்தது. தமிழ் பேசிய முதல் படம். டி.பி.ராஜலட்சுமி நடித்தது.

ஊமைப் படம் காட்டிப் பிழைத்த பலர் அதோடு தொழிலை விட்டார்கள். பேசும் பட மிஷினுக்கு அதிக முதல் வேண்டும். வின்சென்டுக்கு அப்போது 48 வயது. சம்பாதித்தது போதும் என்று உட்கார்ந்துவிடலாம்.

அவர் படம் எடுக்கவே இறங்கிவிட்டார்!

அப்போது தமிழ்நாட்டில் பேசும் பட ஸ்டூடியோ கிடையாது. பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோதான் போக வேண்டும். வின்சென்ட் கல்கத்தா பயனீர் கம்பெனியோடு சேர்ந்தார். முருகன் - வள்ளி கதையை எடுத்தார்கள். வள்ளியாக நடித்தவர் டி.பி.ராஜலட்சுமி. டைரக்ஷன் பி.வி.ராவ்.

1933-ம் ஆண்டு வள்ளி திருமணம் வெளிவந்தது. வசூல் கொட்டியது. தமிழ்ப் படம் எடுத்தாலும் காசு பார்க்கலாம் என்று முதலாளிகளுக்கு நம்பிக்கை கொடுத்த படங்களில் அதுவும் ஒன்று.

வின்சென்டின் கம்பெனிக்கும் தியேட்டர் பெயர்தான். வெரைட்டி ஹால் டாக்கீஸ்!

சொந்த ஊரில் ஸ்டூடியோ

படம் எடுக்க கல்கத்தா போவதென்றால் நடிகர், நடிகை, வாத்தியக்காரர், சமையல்காரர் வரை கூட்டிக்கொண்டு ரெயில் ஏற வேண்டும். கோவையிலேயே ஒரு ஸ்டூடியோ இருந்தால் என்ன?

1930-களின் நடுவில் சென்ட்ரல் ஸ்டூடியோ உருவானது. இடம் சிங்காநல்லூர். மில் அதிபர் பி.ரங்கசாமி நாயுடு முன்னின்றார். கூடச் சேர்ந்த கோவைப் பிரமுகர்களில் சாமிக்கண்ணு வின்சென்டும் ஒருவர்.

பஞ்சு மில் காசும், டெண்ட் சினிமா அனுபவமும் கை கோர்த்தன.

பிறகு அந்த ஸ்டூடியோ தமிழ் சினிமாவுக்குத் தாய்வீடு மாதிரி ஆனது. தியாகராஜ பாகவதர் நடித்த சிவகவி, ஹரிதாஸ் படங்கள் அங்கே எடுக்கப்பட்டன. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான ராஜகுமாரியும் அங்கே உருவானதுதான். அது 1947-ம் ஆண்டு வெளிவந்தது.

பிற்பாடு புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டூடியோ வந்தது. 1954-ல் மலைக்கள்ளன் அங்கிருந்து வந்தது. கோவை என்றால் மில், கோவை என்றால் சினிமா என்று இருந்த காலம் அது.

இதில் பெரும்பாலானதைப் பார்க்க வின்சென்ட் இல்லை.

யுத்த காலத்தில் மறைவு

1942-ம் ஆண்டு ஏப்ரல். உலக யுத்தம் இந்தியா வாசலுக்கு வந்துவிட்ட நேரம். கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சென்னை ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்கு ஓடிக் கொண்டிருந்தார்கள்.

அந்த மாதம் 22-ந் தேதி சாமிக்கண்ணு வின்சென்ட் காலமானார். 59 வயது முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

கையால் சுற்றும் மிஷினில் ஊமைப் படம் காட்டத் தொடங்கியவர், தமிழ் பேசும் படம் எடுத்து, சொந்த ஊரில் ஸ்டூடியோவும் வந்ததைப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் 37 ஆண்டுக்குள்!

டிலைட் ஆனது

அவருக்குப் பிறகும் தியேட்டர் ஓடியது. பின்னாளில் அதற்கு டிலைட் என்று பெயர் மாறியது. கோவையில் வயதானவர்களுக்கு டிலைட் தியேட்டர் என்றால்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பழைய படம் பார்த்தவர்கள், மேட்னி ஷோவுக்கு வரிசையில் நின்றவர்கள் என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள்.

இன்று அங்கே தியேட்டர் இல்லை. டிக்கெட் ஜன்னல் இல்லை. இண்டர்வெல் மணி இல்லை.

டவுன்ஹால் பிழைத்துக் கொண்டது. அது மாநகராட்சியின் சொத்து. பழுது பார்க்கக் கை இருந்தது. கவுன்சில் கூட்டம் நடக்க இடமும் ஆனது.

சினிமா தியேட்டரின் கதை வேறு. டிக்கெட் விற்கிற வரைக்கும்தான் அதற்கு உயிர். கூட்டம் குறைந்தால் கட்டடத்தின் வயதை யார் பார்க்கிறார்கள்? ஊரின் நடுமத்தியில் இடத்தின் மதிப்பு ஏற ஏற, பழைய சுவர் பாரமாகத் தெரியும். கோவையில் மட்டுமா? தமிழ்நாடு பூராவும் பழைய தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன.

அரச மாளிகையாக இருந்தால் காப்பாற்ற நாலு பேர் வருவார்கள். சினிமாக் கொட்டகை தானே என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஊர் ஜனம் முழுவதும் சிரித்த இடம், அழுத இடம் அதுதான் என்பது போன பிறகுதான் உறைக்கிறது.

பெயர் மட்டும் மிச்சம்

வின்சென்ட் அன்றைக்குக் கணக்குப் பார்த்திருந்தால் மிஷினை வாங்கியிருக்க மாட்டார். பிளேக்கைப் பார்த்துப் பயந்திருந்தால் கோவையில் ஹால் எழும்பியிருக்காது. 80 மாத சம்பளத்தைப் பணயம் வைத்த அந்த ரெயில்வேக்காரருக்குக் கோவை கொடுத்த மரியாதை, தியேட்டர் பெயரை ரோட்டுக்கு வைத்ததுதான்.

அந்த மரியாதை இன்றும் இருக்கிறது. கடைகளின் போர்டில் இருக்கிறது. பில் புத்தகத்தில் இருக்கிறது. போலீஸ் நிலையத்தின் வாசலில் இருக்கிறது.

இன்று சாயங்காலம் டவுன்ஹால் ஸ்டாப்பில் இறங்கி அந்தப் பக்கம் போகிறவர்கள், ஏதாவது ஒரு கடை போர்டின் கடைசி வரியைப் பார்க்கலாம்.

வெரைட்டி ஹால் ரோடு, கோவை என்று போட்டிருக்கும்.